பொதுவில் விட்ட நம்பர்

"நம்பர்ல என் பங்கைப் பிரிச்சுக் குடுங்க" என்று வீரலட்சுமி தன் அப்பாவிடம் கேட்டது ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு. திருமலை அப்போது பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுசிலிருந்து வெட்டி வந்த ரோஜாக்களை இருபது இருபதாகக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டிய பூ ஒவ்வொன்றின் வெளியிதழிலும், முந்தின நாள் ரேஷன் கடையில் பருப்பு வாங்கியதற்கான குறுஞ்செய்தி பொடி எழுத்தில் இருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் மூன்று வருஷமாக எல்லாப் பொருளிலும் செய்தி வந்துகொண்டுதான் இருந்தது. மகள் வாயில் பங்கு என்ற சொல் வந்ததுதான் திருமலையின் கையை நிறுத்தியது. அந்தப் பக்கத்தில் பெண் பிள்ளைகள் நகை கேட்கலாம், ஸ்கூட்டி கேட்கலாம், கோபித்துக்கொண்டு இரண்டு வேளை சாப்பிடாமலும் கிடக்கலாம். பங்கு கேட்கக் கூடாது. சட்டத்தில் பெண்ணுக்கும் பங்கு இருக்கிறது என்று வீரலட்சுமி ஒருமுறை சொன்னபோது, சட்டத்தில் ஹெல்மெட்கூடத்தான் இருக்கிறது என்று அவள் அண்ணன் முனிவேல் பதில் சொல்லியிருந்தான். வேறு எது வேண்டுமானாலும் கேள், அந்த ஒன்றை மட்டும் இந்த வாசலுக்குள் கேட்காதே என்று அம்மா நாராயணம்மா அவளுக்கு எட்டாம் வகுப்பிலேயே சொல்லி வைத்திருந்தாள்.

அந்த நம்பர் 2007-இல் கிருஷ்ணகிரியில் வாங்கியது. கெலமங்கலத்துக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் நடுவே ஐந்து ஏக்கர் நிலத்தில் அண்ணன் சென்றாயனும் தம்பி திருமலையும் ஒரே அடுப்பில் பொங்கிச் சாப்பிட்ட காலம். சிம் அண்ணன் பெயரில், போன் தம்பி வாங்கியது. வாங்கிய வாரமே அந்தப் பத்து இலக்கத்தையும் தண்ணீர்த் தொட்டியில் சிவப்பு பெயின்டில் எழுதினார்கள், பிறகு டிராக்டர் டிரெய்லரில், பிறகு மோட்டார் ரூம் கதவில். ரேஷன் கார்டு, காஸ், பேங்க், பயிர்க் காப்பீடு, மாட்டுக் காது வில்லை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று எந்தப் பாரத்தில் கட்டம் இருந்தாலும் அதில் இதே நம்பர்தான் போனது. யாரும் அதை என் நம்பர் என்று சொன்னதில்லை. நம்ம நம்பர் என்றுதான் பேச்சு.

2015-இல் பாகம் பிரித்தார்கள். சண்டை எதில் தொடங்கியது என்பதற்கு இரண்டு வீட்டிலும் இரண்டு வரலாறு இருக்கிறது. நிலத்தைக் கயிறு போட்டுப் பிரித்தார்கள், கிணற்றுத் தண்ணீரை முறை வைத்துப் பிரித்தார்கள், புளிய மரத்தைக் கிழக்குக் கிளை மேற்குக் கிளை என்று பிரித்தார்கள். நம்பரில் வந்து முட்டிக்கொண்டது. ஆளுக்கு ஐந்து இலக்கம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு பெரியவர் மனதாரச் சொன்னார், அதையும் அரைமணி நேரம் பேசினார்கள். முதல் ஐந்து யாருக்கு என்பதில் அதுவும் உடைந்தது. கடைசியில் பத்திரம் எழுதும் சௌந்தரராஜன், நடைபாதையையும் கோயிலையும் எப்படி எழுதுவாரோ அப்படியே இதையும் எழுதினார்: மேற்படி கைபேசி எண்ணும் அதில் வரும் செய்திகள் யாவும் இரு தரப்பாருக்கும் அவர்தம் ஆண் வாரிசுகளுக்கும் என்றென்றைக்கும் பொது. அன்றைக்குப் பேச்சை நிறுத்திய அண்ணனும் தம்பியும் அதற்கப்புறம் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ஞாயிற்றிலிருந்து புதன் மதியம் வரை போன் இந்த வீட்டில், புதன் மதியத்திலிருந்து சனி வரை அந்த வீட்டில் என்று ஒரு நாள் தவறாமல் முறை நடந்தது. போன் ஒரு டிபன் பாக்சுக்குள் வரப்பைத் தாண்டிப் போகும், வரும்.

டிபன் பாக்சு தப்பான வீட்டில் இருந்த ஒரு வியாழக்கிழமை, தம்பியின் தக்காளிக்கான காப்பீட்டுச் செய்தி வந்து யாரும் சொல்லாமல் காலாவதி ஆயிற்று. அதன் பிறகுதான், 2022 ஆடி மாதம், முனிவேலும் பெரியப்பா மகன் ஜெகதீஷும் கெலமங்கலத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் கோபியிடம் போனார்கள். அப்பன்கள் பேசிக்கொள்ளாவிட்டாலும் பிள்ளைகள் ஒரே பைக்கில் போனார்கள்.

"ஒரே நம்பருக்கு வர்ற மெசேஜ வேற போன்லயும் பாக்கலாம்ணா. டேப்புல பாக்கலாம், டிவில பாக்கலாம். நாலு வரைக்கும் சேக்கலாம், எதெதுன்னு சொல்லுங்க" என்றான் கோபி.

"நாலுன்னா ஆளுக்கு ரெண்டா? எங்கூட்டுல தல ஜாஸ்தி" என்றான் ஜெகதீஷ்.

"டேய், இன்னொருவாட்டி பாகம் பிரிக்க என்னால ஆவாது" என்றான் முனிவேல். பைக் பெட்டியில் பத்திரத்தின் ஜெராக்ஸ் இருந்தது, அந்தக் குடும்பத்தில் யாரும் அது இல்லாமல் வெளியே போவதில்லை. "இதுல என்ன எழுதியிருக்குதோ அதையே போடு கோபி. ஒரு எழுத்து கூடவும் வாணாம், கொறையவும் வாணாம்."

சாதனத்தின் பெயர் என்று கேட்ட கட்டத்தில் கோபி பத்திரத்தைப் பார்த்து, இரு தரப்பார் வீடுகளிலும் உள்ள அசையும் சொத்துக்கள் யாவும், என்று அடித்தான். பச்சை டிக் விழுந்தது. இருபது ரூபாய் வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலை நாராயணம்மா கிளறிப் பிடித்து வைத்த களி உருண்டையில், கரண்ட் பில் கட்டக் கடைசித் தேதி வந்திருந்தது. அதே நேரத்தில் வரப்புக்கு அந்தப் பக்கம் பெரியம்மா மாரம்மா புடைத்துக்கொண்டிருந்த முறத்தில் அதே செய்தி, கட்டுத்தறியில் சிந்து மாட்டின் விலாவில் அதே செய்தி, மண்வெட்டியில், செருப்பில், அலுமினிய அன்னக்கூடையில் அதே செய்தி. முதல் வாரம் ஊர் வந்து பார்த்தது. இரண்டாம் வாரம் வேலை இருந்தவர்கள் வரவில்லை. மூன்றாம் வாரம் தக்காளி கிலோ ஆறு ரூபாய்க்கு இறங்கியது, அதற்கப்புறம் யாரும் வரவில்லை. வீட்டார் பழகிக்கொண்டார்கள். ஓடிபி வந்தால் பத்து நிமிஷத்துக்குக் களியை விழுங்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பதில் அனுப்ப வேண்டுமானால் பொருளின் மேல் விரலால் எழுதினால் போதும் என்பதை ஜெகதீஷின் சின்ன மகள் மண்ணெண்ணெய் டின்னில் கிறுக்கிக் கண்டுபிடித்தாள். செடியில் இருக்கும்வரை ரோஜாவில் ஒன்றும் வராது, அது அசையாச் சொத்து. கத்தரி பட்டு வாளிக்குள் விழுந்த நொடி இதழில் எழுத்து ஏறும். பெங்களூர் மார்க்கெட்டில் அதை எழுத்து ரோஜா என்று கொஞ்ச நாள் கூடுதல் விலைக்கே எடுத்தார்கள். பிப்ரவரி பதினான்காம் தேதிக்குப் போன சரக்கு முழுவதிலும் ‘உங்கள் கால்நடைக்கு இரண்டாம் தவணைத் தடுப்பூசி போடவும்’ என்று இருந்ததால் அந்த வியாபாரம் படுத்தது. கெலமங்கலம் சந்தையில் அவர்கள் மாட்டை விற்றால், விலை பேசிக் கை கொடுத்த உடனே விலாவில் இருந்த செய்தி மறைந்துவிடும். பேரம் முடிந்ததா என்று தரகர்கள் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள்.

இது எதுவும் வீரலட்சுமிக்குத் தெரியாது. தெரியாது என்றால், கண்ணுக்குத் தெரியாது. அவள் பார்த்தால் களி வெறும் களி, மாடு வெறும் மாடு. எல்லோரும் சேர்ந்து தன்னை வைத்துக் கிண்டல் செய்கிறார்கள் என்றே முதல் நான்கு நாள் நினைத்தாள். சிம் இல்லாத ஒரு போன் அவளிடம் இருந்தது, காலேஜ் வைஃபையில் பாடம் பார்ப்பதற்காக வாங்கியது, வீட்டில் முனிவேல் போனின் நெட்டில் ஓடும். நம்ம நம்பர் இருக்கும்போது பெண்ணுக்குத் தனி சிம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். அதில் போட்டோ எடுத்துப் பார்த்தாள், போட்டோவிலும் களிதான் இருந்தது. அவளுக்கென்று வாங்கி வைத்த எதிலும் செய்தி வரவில்லை. அந்தப் போனில் இல்லை, கல்யாணத்துக்கென்று மூடி வைத்திருந்த பீரோவில் இல்லை, பீரோவுக்குள் இருந்த எவர்சில்வரில் இல்லை. சௌந்தரராஜனைக் கேட்டார்கள். அவர் கண்ணாடியை மாட்டிப் பத்திரத்தைப் படித்துவிட்டு, ஆண் வாரிசு என்றுதான் இருக்கிறது, வாழ வந்தவர்கள் அவர்கள் வழியில் சேர்த்தி, வாழப் போகிறவர்கள் இதில் இல்லை, என்று மழை வராது என்பதுபோலச் சொன்னார். ஜெகதீஷின் சின்ன மகள் டின்னில் கிறுக்கினாளே ஒழிய, கிறுக்கிய இடத்தில் என்ன இருந்தது என்று அவளுக்கும் தெரிந்திருக்காது. சென்றாயனின் இரண்டு பெண்களும் அதற்கு முன்பே கல்லாவியிலும் சிங்காரப்பேட்டையிலும் வாக்கப்பட்டுப் போய்விட்டதால் அவர்களைச் சோதித்துப் பார்க்க வழியில்லை.

வீரலட்சுமி அந்த இரண்டு வீட்டிலும் முதல் பட்டதாரி. மெக்கானிக்கல் படித்தாள். பரீட்சைக்குப் பதிவு செய்ய, ஸ்காலர்ஷிப் வாங்க, மார்க் பார்க்க, எல்லாவற்றுக்கும் ஆறு இலக்கம் வேண்டும், அந்த ஆறு இலக்கமும் நம்ம நம்பருக்கு வரும். இரண்டாம் வகுப்போடு நின்ற நாராயணம்மாவுக்கு எழுத்து தெரியாது, பால் சொசைட்டித் தராசிலும் பஸ் நெற்றியிலும் பார்த்துப் பார்த்து எண் மட்டும் தெரியும். மூன்று வருஷம் அவள்தான் மகளுக்குப் படித்துச் சொன்னாள். களிச்சட்டியைச் சாய்த்துப் பிடித்து, "ஏழு, ரெண்டு, முட்ட, குச்சி, இரு இரு, ஆவியடிக்குது, எட்டு, மூணு" என்பாள். முட்ட என்றால் பூஜ்யம், குச்சி என்றால் ஒன்று. மகள் கதவோரம் நின்று போனில் அடித்துக்கொள்வாள். ஒருமுறைகூட அவள் தப்பாகச் சொன்னதில்லை. பரீட்சை முடிவு வந்த நாட்களில் மார்க்கை முதலில் பார்க்கிற ஆள் தான்தான் என்பதில் நாராயணம்மாவுக்கு ஒரு நடை வந்துவிட்டது, வரப்பு மேல் கொஞ்சம் நிமிர்ந்தே போனாள். வார்த்தைகள் வந்தால் முனிவேல் படிப்பான். அவன் பத்தாவது இரண்டு முறை எழுதியவன், படிக்கும்போது நடுநடுவே தன் கருத்தையும் சேர்த்துக்கொள்வான். "அன்புள்ள மாணவருக்கு, உங்கள் கட்டணம் பாக்கி உள்ளது, வெக்கமாயில்ல, உடனே செலுத்தவும்" என்று படிப்பான். வீரலட்சுமிக்கு எரியும். கூடப் படித்த ராஜ்குமார் என்பவன் ஒரு மாலை ‘ஊருக்குப் போய்ச் சேந்தியா’ என்று அனுப்பிய மூன்று சொல், இரண்டு வீட்டு மாடுகள் ஆறின் விலாவிலும் ஏறி, மேய்ச்சலுக்குப் போய், ஏரிக்கரை முழுக்கச் சுற்றி வந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை. அடுத்த மாதம் இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள்.

சித்திரையில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஓசூர் சிப்காட்டில் வண்டிக்கு கியர் செய்கிற ஒரு கம்பெனி, பட்டதாரி டிரெய்னி, பெண்களுக்கு ஹாஸ்டல் உண்டு. செய்தி வந்த அன்று அவள் டிகிரி சர்டிபிகேட் வாங்கக் காலேஜுக்குப் போயிருந்தாள். சம்மதம் என்றால் ஒன்று, சம்மதமில்லை என்றால் இரண்டு என்று அனுப்பச் சொல்லியிருந்தது. முனிவேல் அதை ஒரு கொத்து ரோஜாவிலிருந்து சத்தமாகப் படித்தான். வீட்டில் எல்லோரும் கேட்டார்கள், வரப்புக்கு அந்தப் பக்கத்திலும் படித்திருப்பார்கள். சாயங்காலம் வீரலட்சுமி வந்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். நாற்பது நாள் காத்திருந்துவிட்டு அவளே கம்பெனி கேட்டுக்குப் போனாள்.

அங்கே சுஜாதா என்கிற அதிகாரி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "உங்க நம்பர்ல இருந்துதாம்மா ரெண்டு வந்திருக்கு. அதே தேதி, பதினொன்னே கால் மணி."

"அது என் நம்பர் இல்ல மேடம்."

"அப்ப எதுக்கு அதைப் போட்டீங்க?"

வீரலட்சுமி என்ன சொல்வாள்? களி, மாடு, பத்திரம் எல்லாவற்றையும் சொன்னாள். சுஜாதா தர்மபுரிக்காரர், தன் மாமனார் வீட்டில் கிணறும் இப்படித்தான் பொதுவில் கிடக்கிறது என்றார். அவரால் முடிந்தது ஒன்றுதான். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் நம்பரை மாற்றிவிட்டால் அந்த இரண்டை ஒன்றாக்கித் தருவார். மாற்ற வேண்டுமென்றால் பழைய நம்பருக்கு ஆறு இலக்கம் வரும், அதைப் போட வேண்டும். இல்லாவிட்டால் லைனில் ஆபரேட்டர் வேலை இருக்கிறது, காண்டிராக்ட், கியரை எடுத்துத் தட்டில் அடுக்குவது. "அதுக்குப் புது நம்பர் போதும். டிகிரின்னு மட்டும் எழுதிடாதீங்க, அதிகம் படிச்சவங்களை அதுக்கு எடுக்க மாட்டாங்க."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் பங்கு கேட்டது இப்படித்தான். திருமலை பூக்கட்டைக் கீழே வைத்துவிட்டு முனிவேலை அனுப்பினார். ஒன்பதரைக்கு சௌந்தரராஜன் வந்தார். பத்து மணிக்கு சென்றாயன், மாரம்மா, ஜெகதீஷ் மூவரும் வரப்பைத் தாண்டி வந்தார்கள். பத்து வருஷத்தில் அண்ணன் தன் தம்பி வாசலில் கால் வைப்பது அதுவே முதல் தடவை, அவருக்கு எந்த நாற்காலியைப் போடுவது என்பதில் கொஞ்ச நேரம் போனது.

சௌந்தரராஜன் பத்திரத்தைப் படித்தார். "ஆத்தா, பொதுவுல விட்டதப் பிரிக்கணும்னா ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடணும். நீ எந்தத் தரப்பு?" என்று கேட்டார். கிண்டலுக்குக் கேட்கவில்லை, அவருக்கே தெரியவில்லை.

"நெலம் கேக்கல, கெணறு கேக்கல" என்றாள் வீரலட்சுமி. "எம் பேருக்கு வர்ற சேதிய மாடு பாக்குது, மொறம் பாக்குது, பக்கத்தூட்டுச் செருப்பு பாக்குது. நான் பாக்கக் கூடாதா? இன்னிக்கு வர்ற ஆறு நம்பரை ஒருத்தர் படிச்சுச் சொல்லுங்க. அதுக்கப்புறம் உங்க நம்பரை நீங்களே வச்சு அழுங்க."

"பாத்தியா பேச்ச" என்றார் சென்றாயன், யாரையும் பார்க்காமல். "இவளுக்கு ஒண்ணு பிரிச்சுக் குடுத்தா, நாளைக்குக் கல்லாவியில இருந்தும் சிங்காரப்பேட்டையில இருந்தும் ஆட்டோ புடிச்சு வந்து நிப்பாளுங்க. இன்னிக்கு நம்பரு, நாளைக்கு நெலம்."

மாரம்மா ஆனேக்கல் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், கோபத்திலும் அலுப்பிலும் கன்னடம்தான் வரும். "ஹோக்லி பிடு" என்றாள், போகட்டும் விடு என்று. போனால் போகட்டும் என்கிறாளா, பேச்சை விடச் சொல்கிறாளா என்று யாரும் கேட்கவில்லை. திருமலை தன் பங்குக்கு, மேற்கொண்டு ஒரு பவுன் போடுவதாகச் சொன்னார். வீரலட்சுமி கேட்டது வேறு. "அன்னிக்கு ரெண்டு அமுக்கினது யாரு?"

இந்தக் கேள்வியில்தான் அண்ணனும் தம்பியும் பத்து வருஷத்துக்கப்புறம் நேருக்கு நேர் பேசினார்கள். உன் வீட்டு வேலை என்றார் திருமலை. என் வீட்டுல பொட்டப்புள்ள வேலைய வச்சு விளையாடுற ஈனப்பயல் யாருமில்ல என்றார் சென்றாயன். புளிய மரம் வந்தது, மோட்டார் ஸ்டார்ட்டர் வந்தது, 2013-இல் செத்த ஒரு எருமை வந்தது. ஜெகதீஷும் முனிவேலும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து உட்கார வைத்தார்கள்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றாள் நாராயணம்மா, அடுப்படி வாசலிலிருந்து. "நாந்தான் போட்டேன். களிக்கு வச்சிருந்த கேவுரு மாவுல."

வீரலட்சுமி அம்மாவுக்கு ஒரு வழி விட்டுத்தான் கேட்டாள். "தெரியாமப் போட்டியாம்மா?"

"எனக்கு ரெண்டு தெரியாதா? மூணு வருசம் உனக்குப் படிச்சுச் சொன்னவடி நானு. தெரிஞ்சுதான் போட்டேன்." முந்தானையில் கையைத் துடைத்தாள், கையில் ஒன்றும் இல்லை. "நீ போயிட்டீன்னா இந்தூட்டுல நான் படிக்கறதக் கேக்க யாரு இருக்கறா, சொல்லு."

அதுவரை வீரலட்சுமிக்கு இருந்த கோபம் பெரியப்பா மேல், அண்ணன் மேல், பத்திரத்தின் மேல். அங்கேயெல்லாம் அது வசதியாக உட்கார்ந்திருந்தது. இப்போது அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் போனைக் கையில் எடுத்தாள், கம்பெனிப் பக்கத்தைத் திறந்து, நம்பரை மாற்று என்ற இடத்தை அழுத்தினாள். மணி பத்து ஐம்பது.

ஆறு இலக்கம் வந்தது. பூக்கட்டில் வந்தது, வாளியில் வந்தது, சென்றாயன் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடியில், திருமலையின் துண்டில், டீ வந்த டம்ளர்களில், கட்டுத்தறியில் படுத்திருந்த மூன்று மாட்டின் விலாவில் வந்தது. அங்கிருந்த அத்தனை பேரும் அதைப் படித்தார்கள். படிப்பது கண்ணில் தெரிந்தது. "வாயத் தொறந்தவங்களுக்கு ரெண்டு வீட்டுத் தண்ணியும் கெடையாது" என்றார் சென்றாயன். திருமலை அதை மறுக்கவில்லை. பத்து வருஷத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். வீரலட்சுமி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். முனிவேல் செருப்பைப் பார்த்தான், செருப்பிலும் அதுவே இருந்ததால் வானத்தைப் பார்த்தான். ஜெகதீஷ் டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். அவள் கடைசியாக அம்மாவைப் பார்த்தாள், அங்கேயே நிறுத்திக்கொண்டாள். நாராயணம்மாவின் கையில் களி கிளறும் கட்டை இருந்தது, கட்டையில் ஆறு இலக்கமும் இருந்தது, அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பத்து நிமிஷம் முடிந்து எழுத்து அணைந்தது. வீரலட்சுமி மறுபடி அழுத்தினாள். மறுபடியும் வந்தது, மறுபடியும் அணைந்தது. மூன்றாவது தடவைக்கு மாரம்மா எழுந்து அடுப்படிக்குப் போய் அரிசி களையத் தொடங்கிவிட்டாள், சமையல் நேரம் ஆகியிருந்தது. பதினொன்று இருபதுக்கு மூன்றாவதும் போனது. இனி நாளை முயலவும் என்று போன் சொன்னது.

கத்துவாள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். வீரலட்சுமி எழுந்து உள்ளே போய், கதவுக்குப் பின்னால் கட்டி வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு வந்தாள். பை வியாழக்கிழமையே கட்டியாகிவிட்டது. அதற்குள் இரண்டு செட் துணி, கோபி கடையில் தன் கைரேகை வைத்து வாங்கிய சிம், ஆபரேட்டர் வேலைக்குப் பூர்த்தி செய்த பாரம். அந்தப் பாரத்தில் கல்வித் தகுதி என்ற இடத்தில் பத்தாம் வகுப்பு என்று எழுதியிருந்தாள். எழுதும்போது பேனா ஒருமுறை நின்றது, அவ்வளவுதான். அப்போது கடையில் இருந்த கோபி எட்டிப் பார்த்து, "என்னக்கா, ஆறு வருசத்த முழுங்கிட்ட?" என்றான். அடுத்த வருஷம் புது நம்பரில் டிகிரியைப் புதிதாகப் போட்டுக்கொள்வேன், இந்த வருஷத்துக்குக் கை இருக்கிறது என்றாள். இன்று காலை அவள் பங்கு கேட்டது, இல்லை என்று அவர்கள் வாயால் கேட்டுவிட்டுப் போவதற்காக. ஒருவேளை யாராவது படித்துவிட்டால் என்று கொஞ்சம் ஆசையும் இருந்தது. அதை அவள் இல்லை என்று சொல்ல மாட்டாள்.

"போறேன்" என்றாள்.

"எங்க?" என்றார் திருமலை.

"கம்பெனிக்கு. கியர் அடுக்க."

"போனா போ. சோறு தின்னுட்டுப் போ" என்றார்.

அவள் வாசலிறங்கித் திரும்பி நடந்தபோதுதான் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அவளுடைய நீலச் சுடிதாரின் முதுகில், தோளிலிருந்து தோளுக்கு, ஆறு இலக்கம். காலாவதியான கடைசிச் செய்தி. பூவிலும் மாட்டிலும் அணைந்துவிட்டது அவள் முதுகில் அணையாமல் இருந்தது. சௌந்தரராஜன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிப் பார்த்தார், பத்திரத்தைப் புரட்டினார், அசையும் சொத்துக்கள் என்ற வரியில் விரலை வைத்தார், மூடிவிட்டார். களிக்கட்டை கீழே விழுந்தது. "நாலு" என்றாள் நாராயணம்மா. சென்றாயன் அவளை முறைத்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை, வாசல்படியிறங்கி மகளுக்குப் பின்னால் நடந்தபடி, மூன்று வருஷம் படித்த அதே குரலில், நிறுத்தி நிறுத்தி, தெளிவாகப் படித்தாள். "நாலு, ஒம்போது, ஒம்போது, மூணு, ஏழு, அஞ்சு."

"நேரம் முடிஞ்சிருச்சும்மா" என்றாள் வீரலட்சுமி. திரும்பவில்லை, நடையைக் கூட்டவும் இல்லை. நாராயணம்மா முதலிலிருந்து மறுபடி படித்தாள். நம்பர் எழுதிய தண்ணீர்த் தொட்டி வரைக்கும் படித்துக்கொண்டு வந்தாள், அங்கே நின்றுகொண்டாள்.

ரோட்டில் வெயில் ஏறியிருந்தது. தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் பஸ் வந்தது, வீரலட்சுமி கையைக் காட்டினாள், நின்றது. பையை முன்னால் போட்டுக்கொண்டு ஏறினாள். அவளுக்குப் பின்னால் ஏறிய நான்கைந்து பேர் படிக்கட்டில் நின்று அவள் முதுகைப் படித்தார்கள், படித்துவிட்டு உட்கார இடம் தேடினார்கள்.